1862 ஜூலை: அடிமை முறையை முடிக்க லிங்கன் முன் இருந்த வழிகள், ஓர் ஒப்பீடு

1862 ஜூலை முதல் வாரம். அடிமை முறையைக் காக்க அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பிரிந்துபோனதால் மூண்ட உள்நாட்டுப் போரின் இரண்டாம் ஆண்டு. வடக்கில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன். தெற்கின் தலைநகர் ரிச்மண்டைப் பிடிக்கப் போன ஜெனரல் மெக்கிளெல்லனின் வடபடை, ஏழு நாள் சண்டைகளுக்குப் பிறகு பின்வாங்கி ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது. மேலும் 3,00,000 பேர் வேண்டும் என்று மாநிலங்களிடம் கேட்டாயிற்று. போர்ச் செலவு நாளொன்றுக்கு 20 லட்சம் டாலர். பிரிந்துபோன 11 மாநிலங்களில் 35 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். பிரியாமல் நின்ற டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கு எல்லை மாநிலங்களில் இன்னும் சுமார் 4,30,000 பேர். அடிமை முறையில் கைவைக்காமல் இந்தப் போரை வெல்ல முடியாது என்பது வாஷிங்டனில் பலருக்கும் புரிந்துவிட்டது. எந்த வழியில் கைவைப்பது என்பதில்தான் தகராறு.

மேசையில் ஐந்து வழிகள் இருந்தன. உடைமையாளர்களுக்குப் பணம் கொடுத்து அடிமைகளை விடுவிப்பது, களத்தில் இருக்கும் தளபதிகளையே ஆணை போட விடுவது, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றும் பறிமுதல் சட்டம், குடியரசுத் தலைவரின் போர்க்காலப் பிரகடனம், அரசியலமைப்புத் திருத்தம். ஒவ்வொன்றையும் எடைபோட ஐந்து கேள்விகள் போதும். யாருடைய சம்மதம் வேண்டும்? எத்தனை பேருக்குப் பொருந்தும்? எவ்வளவு சீக்கிரம் நடக்கும்? படைக்கு என்ன கிடைக்கும்? போர் முடிந்தபின் நீதிமன்றத்தில் நிற்குமா? இவற்றில் முதல் கேள்விதான் மற்ற நான்கையும் முடிவு செய்தது. உடைமையாளரின் சம்மதத்துக்குக் காத்திருந்த வழி எந்த மாநிலத்திலும் பலன் தரவில்லை.

ஆனால் வாஷிங்டன் எதையும் முடிவெடுக்கும் முன்பே அடிமைகள் முடிவெடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைத் தொடங்கக் கூடாது.

மன்ரோ கோட்டை வாசலில்

1861 மே 23 இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மேலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூவர் வர்ஜீனியாவில் வடக்கின் கையில் இருந்த மன்ரோ கோட்டைக்குத் தப்பி வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரையில் தென்படைக்குப் பீரங்கித் தளம் கட்டும் வேலையில் அவர்களை இறக்கியிருந்தார்கள். மறுநாள் அவர்களின் உடைமையாளர் சார்பில் ஓர் அதிகாரி வெள்ளைக்கொடியோடு வந்து, ஓடிப்போன அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லும் சட்டத்தைக் காட்டினார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வழக்கறிஞர். வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று அறிவித்துக்கொண்டபின் அமெரிக்கச் சட்டத்தின் சலுகையைக் கேட்க முடியாது, உடைமையாளர் வந்து விசுவாச உறுதிமொழி எடுத்தால் திருப்பித் தருகிறேன் என்றார். எதிரியின் போர் வேலைக்குப் பயன்பட்ட ‘உடைமை’ என்ற கணக்கில் மூவரையும் வைத்துக்கொண்டார். ஜூலை இறுதிக்குள் அந்தக் கோட்டையில் 900 பேர் சேர்ந்துவிட்டார்கள்.

பட்லர் அவர்களுக்கு விடுதலை கொடுக்கவில்லை. திருப்பி அனுப்ப மறுத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த மறுப்பு காட்டிய கணக்கு முக்கியமானது. எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு ஆளும் தெற்கில் ஒன்று குறைகிறார், வடக்கில் ஒன்று கூடுகிறார். மண் அரண் எழுப்புவது, வண்டி ஓட்டுவது, சமைப்பது, வயலில் விளைவிப்பது எல்லாம் அடிமைகளின் தலையில் இருந்ததால்தான் தெற்கு தன் வெள்ளை இளைஞர்களில் அத்தனை பேரைப் போருக்கு அனுப்ப முடிந்தது.

விலை கொடுத்து விடுவிப்பது

லிங்கனுக்கு மிகவும் பிடித்த வழி இது. முன்னுதாரணமும் இருந்தது: 1833 சட்டத்தின்படி பிரிட்டன் தன் காலனி அடிமை உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு கொடுத்தது. 1861 நவம்பரில் லிங்கன் மிகச் சிறிய மாநிலமான டெலவேரில் தொடங்கினார். அங்கே மொத்தமே 1,798 அடிமைகள். ஆளுக்கு 400 டாலர் என்று 7,19,200 டாலரை மத்திய அரசின் கடன்பத்திரங்களாக ஆண்டுத் தவணையில் தருவதாகத் திட்டம். சட்டமன்றத்தில் வாக்குகள் சேராது என்று தெரிந்ததும் மசோதா கைவிடப்பட்டது. 1,798 பேர் மட்டுமே இருந்த மாநிலமே ஒத்துக்கொள்ளவில்லை என்பது பெரிய எச்சரிக்கை. லிங்கன் அதை வேண்டிய அளவுக்குப் பொருட்படுத்தவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1862 மார்ச்சில் அவர் செனட்டர் மெக்டூகலுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கு இன்னும் துல்லியம். நான்கு எல்லை மாநிலங்களையும் வாஷிங்டன் நகரையும் சேர்த்து 4,32,622 அடிமைகள். ஆளுக்கு 400 டாலர் என்றால் 17,30,48,800 டாலர். 87 நாள் போர்ச் செலவு 17,40,00,000 டாலர். போர் 87 நாள் முன்னதாக முடிந்தாலே செலவு ஈடாகிவிடும் என்பது வாதம். கூட்டல் கழித்தலில் தவறே இல்லை. ஆனால் கணக்கு தப்பான ஆளிடம் காட்டப்பட்டது. செலவு கருவூலத்துடையது, முடிவெடுக்க வேண்டியவரோ கென்டக்கித் தோட்டக்காரர். போருக்கு முன் திடகாத்திரமான இளைஞருக்குச் சந்தையில் 1,000 டாலருக்கு மேல் கேட்டவருக்கு 400 டாலர் கடன்பத்திரம் கவர்ச்சியாக இல்லை. மேலும், அவருக்கு அடிமை என்பது வெறும் முதலீடு அல்ல. அந்தஸ்து, வாக்கு, அதிகாரம் எல்லாமே அதில்தான் இருந்தன.

ஜூலை 12 அன்று எல்லை மாநில உறுப்பினர்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து லிங்கன் நேரிலேயே கெஞ்சினார் என்று சொல்லலாம். போரின் உராய்வே அடிமை முறையைத் தேய்த்துவிடும், பிறகு விற்க எதுவும் மிஞ்சாது என்றார். இரண்டு நாளில் பதில் வந்தது. 20 பேர் கையெழுத்திட்டு மறுத்தார்கள். காங்கிரஸ் ஏப்ரலில் நிறைவேற்றியது வெறும் தீர்மானம்தான், பணம் ஒதுக்கப்படவில்லை என்ற குறையைச் சுட்டினார்கள். அது நியாயமான குறையே. ஆனால் பணத்தை ஒதுக்கியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ண டெலவேர் இடம் தரவில்லை.

இதே வழி ஓரிடத்தில் மட்டும் வேலை செய்தது. தலைநகர் வாஷிங்டன் நேரடியாகக் காங்கிரஸின் ஆளுகையில் இருந்தது. அங்கே உடைமையாளரைக் கேட்கத் தேவையில்லை. 1862 ஏப்ரல் 16 சட்டம் சுமார் 3,100 பேரை அன்றே விடுவித்தது. விடுதலை முதலில், பணம் பின்னால் என்ற அந்த வரிசைதான் சட்டத்தின் பலம். உடைமையாளர் 90 நாளுக்குள் மனு போட வேண்டும். அடிமையின் பெயர், வயது, தோற்றம், தெரிந்த வேலை, கேட்கும் விலை எல்லாவற்றையும் எழுதி, அரசுக்கு எதிராகப் போரிடவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். மூன்று ஆணையர்கள் விசாரித்தார்கள். ஒதுக்கீடு 10 லட்சம் டாலர், சராசரி 300 டாலருக்கு மேல் போகக் கூடாது. ஆளுக்கு ஆள் விலை மதிக்க ஆணையர்களுக்குத் தெரியாததால், பால்டிமோரிலிருந்து கேம்பெல் என்ற அடிமை வியாபாரியையே வரவழைத்தார்கள். விடுதலையாகிவிட்ட மனிதர்களை அவர் முன் நிறுத்தி விலை மதிப்பிட்டார்கள். அவர்கள் உழைத்த ஆண்டுகளுக்கு அவர்கள் கையில் ஒரு காசும் தரப்படவில்லை. அமெரிக்காவை விட்டு வெளியேறச் சம்மதித்தால் 100 டாலர் வரை தருவதாக மட்டும் சட்டம் சொன்னது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. உடைமையாளர் மனுவே போடாவிட்டால், விடுதலையானவரின் கையில் அதற்கான சான்று எதுவும் இருக்காது. ஜூலை 12 அன்று துணைச் சட்டம் கொண்டுவந்து, அடிமையாக இருந்தவரே மனு போடலாம், கறுப்பினத்தவரின் சாட்சியமும் செல்லும் என்று அதை அடைத்தார்கள்.

தளபதிகளின் ஆணை

வேகம் என்று பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை. 1861 ஆகஸ்ட் 30 அன்று மிசௌரியில் ஜெனரல் ஃபிரெமான்ட் இராணுவச் சட்டத்தை அறிவித்து, கலகக்காரர்களின் அடிமைகள் விடுதலை என்று ஆணையிட்டார். 1862 மே 9 அன்று ஜெனரல் ஹன்ட்டர் ஜார்ஜியா, ஃபுளோரிடா, தென் கரோலைனா மூன்றுக்கும் சேர்த்து அறிவித்தார். இரண்டையும் லிங்கன் ரத்து செய்தார்.

முதல் ஆணையை ரத்து செய்ததற்கான காரணம் தேதிகளில் இருக்கிறது. கென்டக்கி அப்போது நடுநிலை என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒஹாயோ ஆற்றின் தென்கரை முழுவதும் அதன் கையில். அது தெற்கோடு போனால் மிசௌரியும் மேரிலாந்தும் நிற்காது என்று லிங்கன் பயந்தார். செப்டம்பர் முதல் வாரத்தில் தென்படை கொலம்பஸ் நகருக்குள் நுழைந்து நடுநிலையை முதலில் மீறியது. 18ஆம் தேதி கென்டக்கிச் சட்டமன்றம் வடக்கின் பக்கம் சாய்ந்தது. அந்த மூன்று வாரத்தில் ஃபிரெமான்ட் ஆணை அப்படியே நின்றிருந்தால் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. ஹன்ட்டரின் ஆணைக்கு அந்தச் சாக்கு கிடையாது. அங்கே இழக்க எந்த எல்லை மாநிலமும் இல்லை. அங்கே லிங்கனின் வாதம் வேறு: இந்த அதிகாரம் இருக்குமானால் அது தனக்கு உரியது, களத்தில் இருக்கும் ஒரு தளபதிக்கு உரியதல்ல. ஒரு பகுதியில் விடுதலை, அடுத்த தளபதியின் பகுதியில் திருப்பி ஒப்படைப்பு என்ற நிலை வரக் கூடாது என்பதால் அந்த வாதம் சரியானதே. மேற்கில் ஜெனரல் ஹாலெக் 1861 நவம்பரில் ஓடிவருபவர்களை முகாமுக்குள்ளேயே விடக் கூடாது என்று ஆணை போட்டிருந்தார்.

காங்கிரஸின் பறிமுதல் சட்டங்கள்

1861 ஆகஸ்ட் 6 சட்டம், தென்படை வேலைக்குப் பயன்படுத்தப்பட்ட அடிமைகள் மீதான உரிமை போய்விடும் என்றது. அவர்கள் பிறகு என்ன ஆவார்கள் என்று சொல்லவில்லை. 1862 மார்ச்சில், ஓடிவந்தவரைத் திருப்பி ஒப்படைக்கும் அதிகாரிக்குப் பதவி போகும் என்று இன்னொரு சட்டம். ஜூலை 17 அன்று வந்த இரண்டாம் பறிமுதல் சட்டம்தான் பெரியது: கலகக்காரரின் அடிமை வடபடையின் எல்லைக்குள் வந்தால் நிரந்தர விடுதலை.

தாளில் இது பிரகடனத்துக்கு ஈடானது போலத் தெரியும். நடைமுறையில் இடித்தது ஒரே கேள்வி: உடைமையாளர் கலகக்காரர் என்று யார் தீர்மானிப்பது? காவல் சாவடியில் நிற்கும் சார்ஜெண்டிடம் ஒருவர் வந்து நின்றால், உடைமை கோரிக்கை செல்லுமா என்று தீர்ப்பளிக்கும் உரிமை இராணுவத்தில் யாருக்கும் இல்லை என்று அதே சட்டம் சொன்னது. திருப்பிக் கொடுக்கவும் கூடாது. ஆக, ஓடிவந்தவர் உள்ளே இருப்பார், ஆனால் அவர் விடுதலை பெற்றவர் என்று எழுதிக் கொடுக்க ஆளில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி வழக்கு என்றால் 35 லட்சம் வழக்கு. அன்றைய தலைமை நீதிபதி ரோஜர் டானி. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் எழுதியவர் அவர்தான்.

அதே நாளில் நிறைவேறிய மிலிஷியா (குடிமக்கள் படை) சட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கறுப்பினத்தவரைப் படை வேலையில் சேர்க்கலாம் என்ற கதவை அது திறந்தது. சம்பளம் மாதம் 10 டாலர், அதில் 3 டாலர் உடைக்குப் போகும். வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர். இந்த வித்தியாசம் பின்னால் பெரிய வினையாக முடிந்தது. கறுப்பினச் சிப்பாய்களின் 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவு குறைந்த சம்பளத்தை வாங்கவே மறுத்து மாதக்கணக்கில் சும்மா போரிட்டது.

போர்க்காலப் பிரகடனம்

ஜூலை 22 அன்று அமைச்சரவையில் லிங்கன் வரைவைப் படித்தார். தேர்தலில் அடி விழும் என்றார் தபால் துறையின் பிளேர். தளபதிகளைக் கொண்டே சத்தமில்லாமல் செய்யலாமே என்றார் நிதித் துறையின் சேஸ். தோல்விகளுக்கு நடுவே வெளியிட்டால் மூச்சுத் திணறும் அரசின் கடைசிக் கூக்குரலாகத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்றார் வெளியுறவுத் துறையின் சூவர்ட். லிங்கன் அதை ஏற்றுக் காத்திருந்தார். ஆகஸ்ட் கடைசியில் வர்ஜீனியாவின் புல் ரன்னில் வடக்குக்கு இரண்டாம் தோல்வி. செப்டம்பர் 17 அன்று அன்டீடம் ஓடைக்கரையில் ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போனார்கள், தென்படைத் தளபதி லீ பின்வாங்கினார். 22ஆம் தேதி முன்னறிவிப்பு வெளியானது: 100 நாளுக்குள் கலகத்தை விடாத பகுதிகளில் 1863 ஜனவரி 1 அன்று அடிமைகள் அனைவரும் விடுதலை.

முந்தைய வழிகளோடு வைத்துப் பாருங்கள். உடைமையாளர் விசுவாசியா கலகக்காரரா என்று பார்க்கத் தேவையில்லை, பகுதியைப் பார்த்தால் போதும். ஆளுக்கு ஆள் விசாரணை இல்லை. இழப்பீடு இல்லை. மாநிலத்தின் சம்மதம் இல்லை, காங்கிரஸில் வாக்கெடுப்பு இல்லை. சாவடியில் நிற்கும் சார்ஜெண்டுக்கு இப்போது கேள்வியே கிடையாது. பாஸ்டனில் ஜான் மர்ரே ஃபோர்ப்ஸ் என்ற தொழிலதிபர் பிரகடனத்தை உள்ளங்கை அளவுப் பிரதிகளாக அச்சிட்டார். சிப்பாய்கள் போகிற வழியில் கொடுத்துக்கொண்டே போவதற்காக.

குறைகளும் அதே அதிகாரத்திலிருந்துதான் வந்தன. தலைமைத் தளபதி என்ற முறையில் எதிரிக்கு எதிராகப் போட்ட ஆணை என்பதால், எதிரி அல்லாத இடத்தில் அது செல்லாது. நான்கு எல்லை மாநிலங்கள் வெளியே. டென்னசி முழுவதும் வெளியே. லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ் உள்ளிட்ட 13 மாவட்டங்கள் வெளியே. வர்ஜீனியாவில் மேற்கு வர்ஜீனியாவாகப் பிரிய இருந்த 48 மாவட்டங்களும் இன்னும் ஏழும் வெளியே. அந்த ஏழில் ஒன்று எலிசபெத் சிட்டி மாவட்டம். மூவர் முதலில் ஓடிவந்த மன்ரோ கோட்டை அங்கேதான் இருக்கிறது. இதைப் பார்த்து ‘பிரகடனம் ஒருவரையும் விடுவிக்கவில்லை’ என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. தென் கரோலைனாவின் கடல் தீவுகள் வடபடையின் கையில் இருந்தும் விலக்குப் பட்டியலில் இல்லை; அங்கே பல ஆயிரம் பேர் ஜனவரி 1 அன்றே சட்டப்படி விடுதலையானார்கள். மற்ற இடங்களில் படை எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் பிரகடனம் போனது. டெக்சஸில் கால்வெஸ்டனுக்கு அது 1865 ஜூன் 19 அன்றுதான் போய்ச் சேர்ந்தது.

படைக்குக் கிடைத்ததைப் பார்த்தால் மற்ற எந்த வழியும் கிட்டே வராது. இறுதிப் பிரகடனம் கறுப்பினத்தவரை ஆயுதப் படையில் சேர்க்கும் என்று வெளிப்படையாகச் சொன்னது. போர் முடிவதற்குள் சுமார் 1,79,000 பேர் தரைப்படையில் சேர்ந்தார்கள். கடற்படையில் பல ஆயிரம் பேர் தனி. அவர்களில் ஏறக்குறைய 40,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் நோயால். சரணடைந்தாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்பதை 1864 ஏப்ரலில் சரணடைந்த கறுப்பினச் சிப்பாய்களைத் தென்படை கொன்ற ஃபோர்ட் பில்லோ படுகொலை காட்டியது. வெளிநாட்டிலும் பலன் இருந்தது: 1862 இலையுதிர்காலத்தில் மத்தியஸ்தம் செய்யலாமா என்று யோசித்த பிரிட்டிஷ் அமைச்சரவை நவம்பரில் அதைக் கைவிட்டது. அதற்கு அன்டீடம் பெரிய காரணம். ஆனால் 1863இலிருந்து அடிமை முறைக்காகப் போரிடும் தரப்போடு கைகோப்பது பிரிட்டனின் எந்த அரசுக்கும் கடினமாகிவிட்டது.

பிளேர் சொன்ன விலையும் கொடுக்கப்பட்டது. 1862 இலையுதிர்காலத் தேர்தல்களில் நியூயார்க் ஆளுநர் பதவி எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் சீமூருக்குப் போனது. இல்லினாய், இந்தியானா சட்டமன்றங்கள் கைமாறின. 1864 ஆகஸ்டில் தானே தோற்றுவிடுவோம் என்று லிங்கன் எழுதி மடித்து, உள்ளே என்ன என்று காட்டாமல் அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார். செப்டம்பர் 2 அன்று தெற்கின் அட்லான்டா நகர் வடபடையிடம் விழுந்திராவிட்டால் அது நடந்தும் இருக்கும். அடுத்து வருபவர் ஓர் ஆணையை இன்னோர் ஆணையால் ரத்து செய்யலாம் என்ற பயம் கற்பனையல்ல.

அரசியலமைப்புத் திருத்தம்

நிரந்தரம் என்றால் இது ஒன்றுதான். 1862இல் இதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு முக்கால் பங்கு மாநிலங்களின் ஒப்புதல். அன்று 34 மாநிலங்கள், 26 தேவை. அடிமை முறை உள்ளவை 15. ஒன்பது மாநிலங்கள் மறுத்தாலே முடிந்தது.

1864 ஏப்ரல் 8 அன்று செனட்டில் 38க்கு 6 என்று எளிதாக நிறைவேறியது. ஜூன் 15 அன்று பிரதிநிதிகள் சபையில் 93க்கு 65. மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை. நவம்பர் தேர்தலில் லிங்கன் தேர்வாளர் குழு வாக்குகளில் 212க்கு 21 என்று வென்றபின், புதிய சபை வரும்வரை காத்திராமல் பழைய சபையிலேயே மீண்டும் கொண்டுவந்தார்கள். தோற்றுப்போன, பதவி முடியப்போகிற ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள்தான் இலக்கு. 1865 ஜனவரி 31 அன்று, வாக்கெடுப்புக்குச் சற்று முன், தெற்கிலிருந்து சமாதானத் தூதர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்ற வதந்தி பரவி வாக்குகள் ஆட்டம் கண்டன. மசோதாவைக் கொண்டுசென்ற ஆஷ்லி லிங்கனிடம் மறுப்புக் கேட்டார். எனக்குத் தெரிந்தவரை நகரில் தூதர்கள் இல்லை, வரப்போவதும் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. தூதர்கள் நகருக்கு வரவில்லை, மன்ரோ கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதால் அந்த வரி எழுத்தளவில் உண்மை. 119க்கு 56. ஆதரித்தவர்களில் மூன்று பேர் எதிர்த்து வாக்களித்திருந்தால் திருத்தம் விழுந்திருக்கும்.

மாநிலங்கள் இப்போது 36, தேவை 27. டிசம்பர் 6 அன்று ஜார்ஜியா 27ஆவதாக ஒப்புக்கொண்டது. அந்த 27இல் எட்டு, தோற்ற தென்மாநிலங்கள். அதாவது போர் வெற்றி இல்லாமல் இந்த எண்ணிக்கையே வந்திராது. பிரகடனம் தந்த படைவீரர்கள் இல்லாமல் அந்த வெற்றி எளிதில் வந்திராது. திருத்தத்தைப் பிரகடனத்துக்கு மாற்று என்று வைத்து ஒப்பிடுவது பொருந்தாது. முன்னது பின்னதன் தோளில் ஏறித்தான் வந்தது. வாசகத்தில் ஒரு ஓட்டை விட்டார்கள்: குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு செல்லும் என்ற விலக்கு. சில ஆண்டுகளிலேயே தென்மாநிலங்கள் கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட அதைப் பிடித்துக்கொண்டன.

எதை, எந்த வரிசையில்

1862 ஜூலையில் நின்று தேர்ந்தெடுப்பதானால் பிரகடனம்தான் சரி. காங்கிரஸின் சட்டங்கள் அதற்கு அடித்தளம், திருத்தம் அதன் பூட்டு. எல்லை மாநிலங்களில் மட்டும் நேர்வழி அடைபட்டே கிடந்தது. மேரிலாந்து 1864இல் புதிய மாநில அரசியலமைப்பால் அடிமை முறையை ஒழித்தது. 30,174க்கு 29,799, அதாவது 375 வாக்கு வித்தியாசம், அதுவும் களத்திலிருந்த சிப்பாய்களின் வாக்குகளால். மிசௌரி 1865 ஜனவரியில். கென்டக்கியும் டெலவேரும் கடைசிவரை மறுத்தன. 400 டாலரை வேண்டாம் என்றவர்களுக்கு 1865 டிசம்பரில் ஒரு டாலரும் கிடைக்கவில்லை. அதுவரை அங்கே அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள்.

அங்கே கதவைத் திறந்தது படைச் சேர்க்கை. கென்டக்கியிலிருந்து மட்டும் 23,000க்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் சீருடை அணிந்து அதன் மூலம் விடுதலையானார்கள். ஆனால் சிப்பாய்க்குக் கிடைத்த விடுதலை அவர் மனைவி மக்களுக்குக் கிடைக்கவில்லை. 1864 நவம்பரில் கென்டக்கியின் நெல்சன் முகாமிலிருந்து, சிப்பாய்களின் குடும்பத்தினர் சுமார் 400 பேரை உறைபனியில் வெளியே துரத்திக் குடிசைகளை இடித்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கொடுமை வெளியே வந்தபின்தான், 1865 மார்ச் 3 அன்று, சிப்பாய்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை என்று காங்கிரஸ் சட்டம் போட்டது. 1863 அக்டோபரில் மேரிலாந்து, மிசௌரி அடிமைகளைப் படையில் சேர்க்கலாம் என்று போர்த்துறை ஆணையிட்டபோது, விசுவாச உடைமையாளருக்கு 300 டாலர் வரை இழப்பீடு என்று எழுத இடமிருந்தது. குடும்பத்துக்கும் விடுதலை என்ற சட்டத்தை அன்றே காங்கிரஸிடம் கேட்டிருந்தால், எல்லை மாநிலங்களில் யாருடைய சம்மதமும் இல்லாமல் ஓராண்டுக்கு மேல் முன்னதாகப் பல்லாயிரம் பேர் விடுபட்டிருப்பார்கள்.